துருவக் கடலடி வரைபடம்: அளந்த ஆழம் எது, ஊகித்த ஆழம் எது?

கேள்வி: நான் மயிலாடுதுறை அருகே ஓர் அரசுப் பள்ளியில் புவியியல் ஆசிரியை. மாணவர்களோடு ஆர்க்டிக் கடலடியைக் களிமண்ணில் செய்து காட்ட விரும்புகிறேன். பதிவிறக்கிய ஆழத் தரவு சில இடங்களில் நுணுக்கமாகவும், சில இடங்களில் மெழுகியது போலவும், நடுவே கோடு கோடாகவும் தெரிகிறது. எதை நம்புவது?

பதில்: அந்தக் கோடுகள் கப்பல்கள் சென்ற தடங்கள். நாகப்பட்டினத்து விசைப்படகுகளில் எக்கோ சவுண்டர் பார்த்திருப்பீர்கள். ஒலி அடிக்குப் போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழம் கணிக்கும் அதே முறையைத்தான் ஆய்வுக் கப்பல்களும் கையாளுகின்றன, ஆனால் அவற்றின் மல்டிபீம் கருவி பல நூறு ஒலிக்கற்றைகளை விசிறி போல விரித்து, ஒரே ஓட்டத்தில் ஒரு பட்டை அகலத்தையே அளந்துவிடுகிறது. திறந்த கடலில் உழவுச்சால் போலப் பட்டையை ஒட்டிப் பட்டை போடலாம். உறைந்த கடலிலோ பனிக்கட்டி வழிவிடும் பக்கமே கப்பல் போக முடியும்; கட்டியை உடைக்கும் இரைச்சலும் கப்பலின் அடியில் சிக்கும் காற்றுக்குமிழ்களும் எதிரொலியைக் கெடுக்கின்றன. ஆகவே உழாத தரை நிறையக் கிடக்கிறது. மெழுகியது போல நீங்கள் கண்டது அந்தத் தரையைத்தான். பக்கத்து அளவுகளையும் செயற்கைக்கோள் காட்டும் ஈர்ப்பு வேறுபாட்டையும் வைத்து அங்கே ஆழத்தை ஊகித்திருக்கிறார்கள்.

ஆர்க்டிக் பெருங்கடலின் சர்வதேச ஆழ வரைபடமான ஐபிசிஏஓ-வின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு 200 மீட்டர் கட்டங்களாகவும், 2024ஆம் ஆண்டுப் பதிப்பு 100 மீட்டர் கட்டங்களாகவும் வந்தன. கட்டம் சிறுத்ததால் அளவீடு முழுமையாகிவிட்டது என்று கொள்ள வேண்டாம். 2020 பதிப்பில் நேரடியாக அளந்த பரப்பு 19.8 சதவீதம் மட்டுமே. எனவே ஆழத் தரவுடன் தரப்படும் ஒவ்வோர் இடத்தின் ஆழமும் எப்படிக் கிடைத்தது என்று எண்ணால் சொல்லும் டிஐடி என்ற தரவு வகைக் கட்டத்தையும் கட்டாயம் இறக்கிக்கொள்ளுங்கள். அதில் 11 என்றால் மல்டிபீம், 10 என்றால் ஒற்றைக் கற்றை அளவீடு, 40 என்றால் ஈர்ப்பை வைத்த கணிப்பு, 41 என்றால் கணினி இடைநிரப்பல். தரைதட்டி நின்ற பனிப்பாறையின் அடி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று கணக்கிட்டு அறிந்த ஆழத்துக்குக்கூட 46 என்று தனி எண் உண்டு.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இபிஎஸ்ஜி 3996 என்ற எண்ணுள்ள துருவ வீழலை (உருண்டைப் பூமியைத் தட்டையாக வரையும் முறையை) தேர்ந்தெடுங்கள். உங்கள் ஊரில் ஒரு பாகை தீர்க்கரேகை ஏறத்தாழ 109 கிலோமீட்டர். 80 பாகை வடக்கில் அது 19 கிலோமீட்டராகச் சுருங்கிவிடுவதால், சாதாரண வீழலில் வடிவமே இழுபட்டுப் போகும். கிரீன்லாந்துக்குப் பனியின் மேற்பரப்பு, பனிக்குக் கீழுள்ள பாறை என இரண்டு கோப்புகள் இருக்கும். பாறை உள்ளதையே எடுங்கள்.

களிமண்ணில் 1 செ.மீ.க்கு 50 கி.மீ. என அளவு வைத்தால், ஆர்க்டிக் கடலடியில் சுமார் 1,800 கி.மீ. நீளமுள்ள லோமோனோசோவ் மலைமுகடு 36 செ.மீ. வரும், ஆனால் தரையிலிருந்து அது எழும் 3 கி.மீ. உயரம் 0.6 மி.மீ.தான், ஒரு நெல்மணியின் தடிமன்கூட இராது. உயரத்தை மட்டும் 20 மடங்கு கூட்டினால் 1.2 செ.மீ. கிடைக்கும்; அந்த 20 மடங்கை அட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள். மண் காய்ந்தபின், டிஐடி எண் 40, 41 என்று வரும் இடங்களில் மட்டும் செம்மண் பூசச் சொல்லுங்கள்.