அம்மா ஏறிப் பாக்கட்டும், பொறவு செக் எழுதுங்க

வாசகர் கேள்வி - பதில்: வண்டிப் பக்கம்

கேள்வி: அண்ணாச்சி, 22 வருசம் குவைத்துல கெடந்துட்டு இப்ப ஊருக்கு வந்து ரப்பர் தோட்டத்தைப் பாத்துட்டு செட்டிலாயாச்சு. அங்க கம்பெனி வண்டியா ஜிஎம்சி யூக்கான்னு ஒரு பெரிய எஸ்யூவி ஓட்டிப் பழகிட்டேன், அதுல உக்காந்தவனுக்கு வேற எதுல ஏறினாலும் பெட்டிக்குள்ள இருக்க மாதிரி இருக்கு. இப்ப ரெண்டு வண்டிய பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு லெக்ஸஸ் ஆர்எக்ஸ் 350ஹெச், மக்கர் பண்ணாதுன்னு கேட்டவனெல்லாம் சொல்லுதான், ஆனா அஞ்சு சீட்டுதான். மத்தது பென்ஸ் ஜிஎல்எஸ், ஏழு சீட்டு, உள்ள கட்டிலே போடலாம் போல. வீட்டுல நான், வீட்டுக்காரி, 78 வயசுல அம்மா. மகன் குடும்பம் பெங்களூர்ல, மக குடும்பம் மஸ்கட்ல, ரெண்டு பேருக்கும் ரெண்டு ரெண்டு பிள்ளைங்க. எதை எடுக்க?
- பெயர் வேண்டாம், குலசேகரம்

பதில்: உங்க கேள்வியிலேயே ஒரு கணக்கு ஒளிஞ்சிருக்கு, கவனிச்சீங்களா? நீங்க மூணு பேரு, மகன் வீட்டுல நாலு, மக வீட்டுல நாலு. மொத்தம் 11. ஏழு சீட்டு வண்டி வாங்கினாலும் எல்லாரும் கூடுத அன்னைக்கு நாலு பேரு முற்றத்துலதான் நிப்பாங்க, அன்னைக்கு எப்படியும் ஒரு டிராவலர் வேன் பிடிக்கணும், அப்பம் பின்ன ஏழு சீட்டு எதுக்கு? ஒரு குடும்பம் மட்டும் வந்தா ஏழு சரியா வரும், இல்லேங்கல. அது வருசத்துக்கு எத்தன நாளுன்னு பழைய காலண்டரை எடுத்து எண்ணிப் பாருங்க. கிறிஸ்மஸ் லீவு, கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, ரெண்டு கல்யாணம், ஸ்கூல் லீவுல ஒரு வாரம், எப்படி இழுத்துப் பிடிச்சாலும் ஒரு மாசத்தைத் தொடாது. மிச்ச நாளெல்லாம் ரப்பர் ஷீட்டு போடவும் பேங்குக்கும் மார்த்தாண்டத்துக்கும் நீங்க ஒத்தையில போறதுதான்.

அடுத்தது ஏர்போர்ட்டு. மக மஸ்கட்ல இருந்து திருவனந்தபுரத்துல வந்து எறங்கும்போது பெரிய வண்டி இருந்தா நல்லாருக்கும்னுதான் மனசு ஓடும். ஜிஎல்எஸ்ல மூணாவது வரிசைய நிமித்தி வச்சா டிக்கி 355 லிட்டர்தான். மாருதி டிசையர் டிக்கியே அதைவிட கூட. நாலு பேரு கல்ஃப்ல இருந்து வந்தா எத்தன பெட்டி, கயிறு கட்டின எத்தன அட்டைப்பெட்டி வரும்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா என்ன? ஏழு பேரு ஏறலாம், இல்லைன்னா பெட்டி ஏறலாம், ரெண்டும் சேந்து ஏறாது. மூணாவது வரிசை மோசம்னு சொல்லல கேட்டேளா, இந்த மாதிரி வண்டியில வளந்த ஆளு ஒழுங்கா உக்காரக்கூடிய மூணாவது வரிசைன்னா அது ஜிஎல்எஸ்ல உண்டு, பட்டன அமுக்கினா சீட்டு தானா மடங்கவும் செய்யும். பெருசுன்னா அது நெசமாவே பெருசு, அதுல எனக்கு வழக்கு இல்ல.

ஆனா அந்தப் பெருசு உங்க இடவழியில நொழையணுமே. குவைத்துல ஆறு வழி ரோட்டுல யூக்கான் ஓட்டுனது வேற, குலசேகரத்துல இருந்து திருவட்டாறு வழியா வரும்போது ஒரு வளைவுல அரசு பஸ்சும் எதுக்க ரப்பர் தடி ஏத்துன லாரியும் நிக்கும்போது நடுவுல போறது வேற. ஆர்எக்ஸ் 4.89 மீட்டர் நீளம், ஜிஎல்எஸ் 5.2 மீட்டர், ஒரு அடிக்கு மேல வித்தியாசம். ரோட்டுல இது பெருசா தெரியாது, உங்க கேட்டுல திருப்பும்போது தெரியும். ஒரு டேப்பை எடுத்து கேட்டு அகலத்தையும், இடவழியில ரெண்டு பக்க மதிலுக்கும் எடையில உள்ள அகலத்தையும் அளந்துட்டு ஷோரூமுக்குப் போங்க. பெரிய வண்டி வாங்கிட்டு மதில இடிச்சுக் கெட்டுனவங்க நம்ம ஊர்ல உண்டு.

அம்மா விசயம்தான் எனக்கு முக்கியம். 78 வயசுல முட்டுவலி இல்லாத ஆளு யாரு? வயசானவங்க கார்ல எப்படி ஏறுதாங்கன்னு என்னைக்காவது பாத்திருக்கீங்களா? எங்க அத்தை கதவைத் தொறந்ததும் திரும்பி நின்னு மொதல்ல சீட்டுல உக்காருவாங்க, பொறவு சேலையை ஒதுக்கிப் பிடிச்சுட்டு ரெண்டு காலையும் சேத்து உள்ள எடுப்பாங்க. சீட்டு இடுப்பு உயரத்துல இருந்தா அந்த வித்தை செல்லாது, காலைத் தூக்கி வச்சு எக்கணும், அது அவங்களால முடியாது. அத்தை மகன் உயரமான வண்டி ஒண்ணு வாங்கிட்டு இதுக்குன்னே டிக்கியில ஒரு பலகை போட்டிருந்தான், ஒரு நாளு பலகையை கோயில் வாசல்லயே விட்டுட்டு வந்து, மறுக்கா போய் பாத்தா அதுல ஒரு பூக்காரம்மா உக்காந்து பூ கெட்டிட்டு இருக்கா! ஜிஎல்எஸ்ல ஏர் சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப்பை, இருக்கதால கொஞ்சம் தாழ்த்திக்கிடலாம், ஆனாலும் ஏறுத உயரம் உயரம்தான். அதனால டெஸ்ட் டிரைவுக்கு நீங்க போறது ரெண்டாவது, அம்மாவ கூட்டிட்டுப் போய் ரெண்டு வண்டியிலயும் ரெண்டு ரெண்டு தடவை ஏறி எறங்கச் சொல்லுங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிரும்.

இனி மக்கர் விசயம். லெக்ஸஸ்னா டொயோட்டா வீட்டுப் பிள்ளை, 1997ல ப்ரியஸ் கார்ல தொடங்கின ஹைப்ரிடு சங்கதியத்தான், அதாவது பெட்ரோல் இன்ஜினும் மின்சார மோட்டாரும் சேந்து ஓட்டுத ஏற்பாட்டைத்தான், இதுலயும் வச்சிருக்கான். சாதாரண வண்டியில இருக்க ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர், கிளட்ச்னு தேயக்கூடிய சாமான் பலதும் இதுல கெடையாது, அந்த வேலையெல்லாம் ரெண்டு மின்சார மோட்டாரே பாத்துக்கிடும். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே பாதி வேகத்தைக் கொறச்சு பேட்டரிக்கு கரண்டு அனுப்பிரும், அதனால பிரேக் பேடும் ரொம்ப நாளு வரும், பேச்சிப்பாறை போற மேடு பள்ளத்துல இது நல்லா தெரியும். 2024 ஜூன்ல இருந்து இந்தியாவுல லெக்ஸஸ் 8 வருசம், இல்லைன்னா 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி குடுக்கான். ஜிஎல்எஸ் மோசமான வண்டி இல்ல, ஆனா ஏர் சஸ்பென்ஷன்ல இருக்கது காத்துப்பை, காத்துப்பைன்னா ரப்பரு, ரப்பரு வயசானா என்ன ஆகும்னு ரப்பர் தோட்டக்காரர் உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். வாரண்டி முடிஞ்ச பொறவு வர்ற பில்லு சின்ன பில்லா இருக்காது.

ஒண்ணு மட்டும் ரெண்டு கம்பெனிக்கும் போன் போட்டுக் கேளுங்க: குலசேகரத்துக்குப் பக்கத்துல சர்வீஸ் எங்க, வண்டி நின்னு போனா எங்க இருந்து தூக்க வருவான், எத்தன மணி நேரம் ஆவும். பக்கத்து டவுன்ல சர்வீஸ் இல்லாத வண்டின்னா, கெட்டுப் போகாத வண்டியா இருக்கணும்ங்கறதுதான் என் கணக்கு.

காசு பேச்சு பொறவுன்னு வச்சிருந்தேன், வந்தாச்சு. 2023 நவம்பர்ல இருந்து தமிழ்நாட்டுல 20 லட்சத்துக்கு மேல உள்ள காருக்கு லைஃப் டாக்ஸ், அதாவது ரெஜிஸ்ட்ரேஷன்ல ஒரே தடவையா கட்டுத வரி, 20 சதவீதம். ஜிஎல்எஸ் 1 கோடியே 30 லட்சம் பக்கம்னு வச்சா டாக்ஸ் மட்டும் 26 லட்சம், அந்தக் காசுக்கு ஒரு நல்ல இன்னோவாவே வந்திரும்லா.

நான்னா ஆர்எக்ஸ்தான் எடுப்பேன், எல்லாரும் வர்ற நாளைக்கு டிராவலர் சொல்லிருவேன், டிரைவர் அவர்பாட்டுக்கு ஓட்டட்டும், நானும் பின்னால பேரப்பிள்ளைங்க கூட உக்காந்து சிப்ஸ் திங்கலாம். அம்மாவுக்கு ஜிஎல்எஸ்தான் ஏற எறங்க சுகமா இருக்குன்னா மேல சொன்ன அத்தனையும் கிழிச்சுப் போட்டுட்டு அதை எடுங்க.

கேள்வி: வீடு மணவாளக்குறிச்சியில கடலுக்குப் பக்கம். செகண்ட் ஹேண்டுல ஃபார்ச்சூனர் ஒண்ணு பாக்கேன். துரு பிடிக்குமா?

பதில்: பிடிக்கும். வாங்குறதுக்கு முன்னால லிஃப்ட்ல ஏத்தி அடியில உள்ள சேஸிஸ்ஸை டார்ச் அடிச்சுப் பாருங்க, புதுசா கருப்பு பெயிண்ட் அடிச்சிருந்தா ஸ்க்ரூடிரைவர் முனையால ரெண்டு எடத்துல தட்டிப் பாருங்க. துரு மேலயே கோட்டிங் அடிச்சா அது உள்ள இருந்து தின்னும். வாங்கின பொறவு வாரம் ஒரு தடவ அடிப்பக்கம் நல்ல தண்ணியில கழுவுங்க, கிணத்துத் தண்ணி உப்புன்னா வேண்டாம்.

கேள்வி: பாறசாலையில மச்சான் அட்ரஸ்ல கேரளா ரெஜிஸ்ட்ரேஷன் போட்டா டாக்ஸ் மிச்சமாவுமா அண்ணே?

பதில்: பெரிய வண்டிக்கு அங்கயும் டாக்ஸ் கம்மி இல்ல தம்பி. வண்டி 12 மாசத்துக்கு மேல இங்கயே நின்னா எப்படியும் இங்க ரெஜிஸ்டர் மாத்தணும்னு சட்டம். களியக்காவிளை செக்போஸ்ட்ல ஒவ்வொரு தடவையும் மச்சான் பேரச் சொல்லி முழிக்கதுக்கு, நேரா மார்த்தாண்டத்துல டிஎன் 75 நம்பர் போட்டுட்டு நிம்மதியா ஓட்டு.