பதில்: 4,999 ரூபாய் எஸ்இஓ கையேடு வாங்கலாமா?

வணக்கம். புதிதாகத் தொடங்கிய தையல் வகுப்புத் தளம் கூகுளில் வரவில்லை, எஸ்இஓ, அதாவது தேடலில் தளத்தை முன்னுக்குக் கொண்டுவரும் வழிகளைச் சொல்லும் 4,999 ரூபாய் கையேட்டை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

"30 நாளில் முதல் இடம் உறுதி" என்று விளம்பரத்தில் இருக்கிறது என்றீர்கள். அந்த ஒரு வரியே போதும். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. அப்புறம் பொருளடக்கத்தைப் பாருங்கள். மெட்டா கீவேர்டு (பக்கத்தின் நிரலுக்குள் மறைவாக எழுதும் தேடல் சொற்கள்) நிரப்பவென்றே ஓர் அத்தியாயம் இருந்தால் சரக்கு பழசு. தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. பேக்லிங்க்கை, அதாவது பிற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்புகளை, விலைக்கு வாங்கச் சொன்னால் இன்னும் ஆபத்து. 2012-இல் கூகுளின் தேடல் முறையில் பெங்குவின் அப்டேட் என்ற மாற்றம் வந்தபோது அப்படி வளர்ந்த தளங்கள் பல சரிந்தன. எழுதியவர் தன் சொந்தத் தளத்தில் செய்த மாற்றத்தையும் விளைவையும் காட்டியிருந்தால் மட்டும் காசு கொடுப்பதை யோசிக்கலாம்.

முதலில் கூகுளின் இலவசத் தொடக்கக் கையேட்டைப் படியுங்கள், ஒரு மாலைப்பொழுது போதும். சர்ச் கன்சோலில் (தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுள் கருவி) தளத்தைச் சேர்த்து, பக்கங்கள் இண்டெக்ஸ் ஆகியிருக்கின்றனவா, அதாவது கூகுளின் தேடல் பட்டியலில் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். புதுத் தளம் என்பதால் சிக்கல் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். என்ன காட்டுகிறது என்று இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.