பற்சக்கரம் படுத்துக்கொண்டது
கணினி: கேள்வி – பதில்

கேள்வி: என் மடிக்கணினியில் விண்டோஸ் 10 இருந்தது. அதற்கு இனி பாதுகாப்பு அப்டேட் வராது என்றார்கள். சரி என்று 11-க்கு மாற்றினேன். மூன்று வாரம் ஆகிறது. அன்று முதல் செட்டிங்ஸ் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. அழுத்தினால் ஒரு ஜன்னல் வருகிறது, நடுவில் பற்சக்கரப் படம் தெரிகிறது, கண் மூடித் திறப்பதற்குள் இரண்டும் காணாமல் போய்விடுகின்றன. மற்றவை எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கத்தான் செட்டிங்ஸைத் தேடினேன். பார்த்தவர் ஃபார்மட் செய்தால்தான் சரியாகும் என்கிறார். பதினைந்து வருடப் புகைப்படங்கள் உள்ளே இருக்கின்றன ஐயா. என்ன செய்ய?
— ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்

பதில்: ஃபார்மட் வேண்டாம் அம்மா. மென்பொருள் கொஞ்சம் முரண்டு பிடித்தாலே ஃபார்மட் என்று ஆரம்பிப்பவர்களை முப்பது வருடமாகப் பார்க்கிறேன். அதில் பார்ப்பவருக்கு வேலை சுலபம், அவ்வளவுதான்.

செட்டிங்ஸ் என்பது கால்குலேட்டர் மாதிரி ஓர் ஆப். நீங்கள் வைத்திருக்கும் அமைப்புகள் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைக் காட்டும் ஜன்னல்தான் விழுந்துவிடுகிறது. 2015-இல் விண்டோஸ் 10 வந்த புதிதிலும் இதே கூத்து நடந்தது. செட்டிங்ஸை அழுத்தினால் சிலருக்கு ஒன்றும் வராது, சிலருக்கு ஸ்டோர் திறக்கும். மைக்ரோசாஃப்ட் அதற்கு 67758 என்று ஓர் எண்ணே கொடுத்து, சரிசெய்யும் கருவியும் வெளியிட்டது. ஆக, நீங்கள் எதையோ தப்பாக அழுத்திவிட்டீர்கள் என்று நினைத்து மருக வேண்டாம்.

முதலில் உங்கள் கண்ணுக்கு ஒரு வழி. விண்டோஸ் பட்டனைப் பிடித்துக்கொண்டு பிளஸ் குறியை அழுத்துங்கள், திரை பெரிதாகும். விண்டோஸ் பட்டனுடன் எஸ்கேப் அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். அடுத்து, விண்டோஸ் பட்டனுடன் யூ எழுத்தை அழுத்திப் பாருங்கள். இது செட்டிங்ஸின் முகப்புக்குப் போகாமல் நேராக அக்ஸசிபிலிட்டி பக்கத்துக்குப் போகும். சில கணினிகளில் முகப்பு மட்டும்தான் கெட்டிருக்கும், உள்பக்கங்கள் நன்றாகத் திறக்கும். டெக்ஸ்ட் சைஸ் அங்கேதான் இருக்கிறது. திறந்துவிட்டால் உங்கள் வேலை அதோடு முடிந்தது, மற்றதை ஆறப்போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

திறக்கவில்லையா? கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து மறுபடி போடுவது வேறு, ரீஸ்டார்ட் வேறு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இருக்கும் கணினிகளில், ஷட்டவுன் செய்யும்போது அமைப்பின் ஒரு பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு மறுநாள் அதையே எடுத்துக்கொள்ளும். மூன்று வாரமாகத் தினமும் அணைத்துப் போட்டிருப்பீர்கள். கணினி உண்மையில் ஒரு நாளும் புதிதாக எழுந்திருக்காது.

அதற்கும் மசியவில்லை என்றால், நான் எப்போதும் செய்யும் ஒரு சோதனை இருக்கிறது. இன்னொரு யூசர் கணக்கு தொடங்கி, அதில் செட்டிங்ஸ் திறக்கிறதா என்று பார்ப்பேன். இது தெரியாமல் கட்டளைகளைக் கொட்டுவதில் பிரயோஜனமே இல்லை. செட்டிங்ஸ் இல்லாமல் கணக்கு எப்படித் தொடங்குவது? விண்டோஸ் பட்டனுடன் ஆர் அழுத்தினால் சின்னப் பெட்டி வரும். அதில் என், இ, டி, பி, எல், டபிள்யூ, ஐ, இசட் என்ற எட்டு எழுத்துகளையும் ஆங்கிலத்தில் சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். வரும் பட்டியலில் ‘ஆட்’ பொத்தான் இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் உள்ளே நுழையும் வழியைக் கீழே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், அதைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் அந்தப் புதுக் கணக்கில் நுழைந்து பற்சக்கரத்தை அழுத்துங்கள்.

அங்கே திறந்தால் பழுது உங்கள் பழைய கணக்கின் கோப்புகளில். விண்டோஸுக்கு ஒன்றுமில்லை. பழைய கணக்கிலேயே ஆப்பை ரீசெட் செய்யும் கட்டளை ஒன்று உண்டு. நீளமானது, ஓர் எழுத்து பிசகினாலும் சிவப்பில் திட்டும். உங்களுக்கு நான் சொல்வது, புதுக் கணக்கை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கி அதையே வைத்துக்கொள்ளுங்கள். சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பழைய பெயர் இருக்கும். திறக்கும்போது அனுமதி கேட்கும், ‘கன்டினியூ’ கொடுத்தால் புகைப்படங்கள் அப்படியே இருப்பதைப் பார்ப்பீர்கள்.

புதுக் கணக்கிலும் திறக்கவில்லை என்றால் கோளாறு விண்டோஸ் கோப்புகளில். இப்போதுதான் கட்டளைகளுக்கு வேலை. விண்டோஸ் பட்டனுடன் எக்ஸ் அழுத்தி ‘டெர்மினல் அட்மின்’ எடுங்கள். எல்லாம் ஆங்கில எழுத்தில்: முதலில் டிஐஎஸ்எம், இடைவெளி, சாய்கோடு (கேள்விக்குறி இருக்கும் பட்டனில் உள்ளது) ஆன்லைன், இடைவெளி, சாய்கோடு கிளீனப் சிறுகோடு இமேஜ், இடைவெளி, சாய்கோடு ரெஸ்டோர்ஹெல்த். இணையம் இருக்க வேண்டும். 62.3 சதவீதத்தில் செத்துப்போனது மாதிரி நிற்கும். பலர் அங்கேதான் பொறுமை இழந்து மூடுகிறார்கள். விடுங்கள், நகரும். அது முடிந்ததும் எஸ்எஃப்சி, இடைவெளி, சாய்கோடு ஸ்கேன்நவ். வரிசையை மாற்றாதீர்கள். இரண்டாவது கட்டளை கெட்ட கோப்பை எடுத்துவிட்டு நல்ல பிரதியை வைக்கும். அந்த நல்ல பிரதிகள் இருக்கும் கிடங்கைத்தான் முதல் கட்டளை சரிசெய்கிறது.

அதுவும் பலிக்காவிட்டால், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ கோப்பை (முழு விண்டோஸும் அடங்கிய ஒரே பொட்டலம்) இறக்கி, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே அதைத் திறந்து உள்ளே இருக்கும் ‘செட்டப்’ கோப்பை இயக்குங்கள். ‘கோப்புகளையும் ஆப்களையும் வைத்துக்கொள்’ என்ற தேர்வு இருக்கும். அதில் குறி விழுந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். அதற்கு முன்னால், இன்றைக்கே கூடச் செய்யலாம், புகைப்படங்களை ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள்.

பழைய விண்டோஸுக்கே திரும்பலாமே என்று தோன்றும். பொதுவாக அதற்கு 10 நாள்தான் தவணை, உங்களுக்குத் தாண்டிவிட்டது. திரும்பினாலும், விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதே.

கேள்வி: பெரிய அப்டேட்டுக்குப் பிறகு செட்டிங்ஸை அழுத்தினால் டாஸ்க்பாரில் பற்சக்கரம் வந்து உட்காருகிறது. திரையில் எதுவும் இல்லை. அழுத்தி அழுத்தி விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.
— தினமும் கணினியில் கணக்கு எழுதுபவர்

பதில்: கணினியிலிருந்து டிவிக்கு கேபிள் போகிறதா? எனக்கு இதே சங்கடம் வந்தது. நான் அந்தத் தொழிலில் இருப்பவன் அல்லவா, எளிய காரணம் எதுவும் தோன்றவில்லை. மேலே சொன்ன கட்டளைகள் அத்தனையும் ஓட்டினேன். அரை நாள் போயிற்று. வேறு யாரோ கிரிக்கெட் பார்க்க டிவியைப் போட்டார்கள். செட்டிங்ஸ் ஜன்னல் அங்கே சாவகாசமாகத் திறந்து கிடந்தது. அணைத்து வைத்த டிவியையும் கணினி இரண்டாவது திரையாகவே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

டாஸ்க்பாரில் பற்சக்கரத்தை ஒரு முறை அழுத்திவிட்டு, விண்டோஸ், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு இடது அம்பைத் தட்டுங்கள். ஜன்னல் இந்தத் திரைக்கு வந்துவிடும். கேபிளைப் பிடுங்கினாலும் சரிதான்.

கேள்வி: அலுவலகம் பழைய மடிக்கணினியை எனக்கே கொடுத்துவிட்டது. 11-க்கு மாற்றினேன். செட்டிங்ஸ் மின்னி மறைகிறது. கன்ட்ரோல் பேனலைத் திறந்தால் ‘கட்டுப்பாடுகள் காரணமாக ரத்து செய்யப்பட்டது’ என்று வருகிறது.
— வேலை மாறிய ஒருவர்

பதில்: இரண்டும் சேர்ந்து மறுத்தால் அது பழுது இல்லை, பூட்டு. ஊழியர்கள் எதையும் மாற்றாமலிருக்க நிர்வாகி போட்ட தடை அப்படியே தங்கிவிட்டது. மேலே சொன்ன எந்தக் கட்டளையும் அதை அசைக்காது. கொடுத்த அலுவலகத்தின் கணினிப் பிரிவிடம் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். உங்களுடைய சொந்தக் கணினி என்பதால், உங்கள் கோப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகவே போட்டுவிடலாம். ஆமாம், ஃபார்மட் செய்துதான். முதல் கேள்வி கேட்ட அம்மா இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

கேள்வி: ஒரே க்ளிக்கில் செட்டிங்ஸைச் சரிசெய்யும் மென்பொருள் என்று விளம்பரம் வருகிறது. இறக்கலாமா?

பதில்: கூடாது.