ஒருபக்கச் சார்பு என்று எழுதிவிட்டால் போதுமா?

கேள்வி: என் மகள் லண்டனில் ஜி.சி.எஸ்.இ. என்ற பள்ளித் தேர்வுக்கு வரலாறு படிக்கிறாள். 1948-ல் இஸ்ரேல் உருவானபோது நடந்த போரில் ஊரை இழந்த பாலஸ்தீன அகதிகள் பற்றி இரண்டு ஆதாரங்களைக் கொடுத்து, 'இவை ஏன் முரண்படுகின்றன, வரலாற்றாசிரியருக்கு எவ்வளவு பயன்படும்' என்று கேட்டிருந்தார்கள். ஒன்று இஸ்ரேல் அரசின் வெளியீடு, அரபுத் தலைவர்கள் சொல்லித்தான் மக்கள் ஊரைவிட்டுப் போனார்கள் என்கிறது. மற்றது ஒரு அகதியின் வாக்குமூலம், துப்பாக்கியைக் காட்டித் துரத்தினார்கள் என்கிறது. 'இரண்டும் ஒருபக்கச் சார்பு, அதனால் பயனில்லை' என்று எழுதினாள், பாதி மார்க் போய்விட்டது. என்னதான் எழுத வேண்டும்?
– ஒரு வாசகி, லண்டன்

பதில்: அம்மா, உங்கள் மகள் எழுதியதில் முதல் பாதி சரிதான். 'அதனால்' என்ற சொல்லில்தான் மார்க் போயிருக்கிறது. 1948-ல் பாலஸ்தீனத்தில் சார்பில்லாமல் யார் இருந்திருக்க முடியும்? சார்பு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை, அங்கேதான் ஆரம்பிக்கிறது. இதை யார் எழுதினார், யார் படிப்பதற்காக எழுதினார், அவர் கண்ணால் பார்த்தது எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்கச் சொல்லுங்கள்.

அந்த அரசு வெளியீட்டையே எடுத்துக்கொள்வோம். மக்கள் ஏன் போனார்கள் என்பதற்கு அது பலவீனமான சாட்சி. ஆனால் அகதிகளைத் திரும்ப அழைக்கும் பொறுப்பு தனக்கில்லை என்று இஸ்ரேல் உலகத்திடம் எப்படி வாதாடியது என்பதற்கு அதைவிட நேரடியான ஆதாரம் ஏது? கேள்வி மாறினால் அதே காகிதத்தின் பயனும் மாறும். இந்த ஒரு வரியை அவள் எழுதியிருந்தாலே நிலைமை வேறு.

அடுத்து, வெளியே காட்ட எழுதியதையும் தங்களுக்குள் எழுதிக்கொண்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1948 ஜூன் 30 தேதியிட்ட இஸ்ரேலிய ராணுவ உளவுப் பிரிவின் அறிக்கை ஒன்று உண்டு. வரலாற்றாசிரியர் பென்னி மோரிஸ் 1986-ல் அதை வெளியே கொண்டுவந்தார். 1947 டிசம்பர் முதல் 1948 ஜூன் 1 வரை அரபு மக்கள் ஏன் வெளியேறினார்கள் என்று அதில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். யூதப் படைகளின் தாக்குதல்களும் அவற்றின் பாதிப்புமே சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம், அரபுத் தரப்பின் உத்தரவு சுமார் 5 சதவீதம்தான் என்கிறது அது. யாரையும் நம்பவைக்க எழுதியதல்ல, தங்கள் அதிகாரிகளுக்காக எழுதியது, அதனால்தான் அதற்கு அவ்வளவு எடை. அதற்காக ஒரே அடியாக ஒரு பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. ஹைஃபா என்ற துறைமுக நகரில் 1948 ஏப்ரல் 22 அன்று உள்ளூர் அரபுப் பிரமுகர்களே மக்களை வெளியேற்ற முடிவெடுத்தார்கள், யூத மேயர் ஷப்தாய் லெவி போகாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டதும் உண்மை, அதற்கு முன்பே யூதர்களின் ஹகானா படை அரபுப் பகுதிகளில் மோர்ட்டார் குண்டுகளை வீசி மக்கள் துறைமுகத்துக்கு ஓடிக்கொண்டிருந்ததும் உண்மை. ஊருக்கு ஊர் கதை வேறு.

சரி, அகதியின் வாக்குமூலத்தை எப்படிச் சோதிப்பது? எதிர்த் தரப்பும் அதையே சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். 1948 ஜூலையில் லித், ரம்லா என்ற இரண்டு ஊர்களிலிருந்து ஐம்பதாயிரம் பேருக்கு மேல் இஸ்ரேலியப் படையால் வெளியேற்றப்பட்டார்கள். ரமலான் மாதம், ஜூலை வெயில், பலர் நடந்தே போனார்கள், தாகத்தில் வழியிலேயே செத்தவர்கள் உண்டு. அந்த ஊர்களைப் பிடித்த தாக்குதலில் அதிகாரியாக இருந்து பின்னால் இஸ்ரேல் பிரதமரான இட்ஸாக் ராபின் தன் நினைவுக்குறிப்பில் இதை எழுதினார். இஸ்ரேலியத் தணிக்கைக் குழு அந்தப் பகுதியை நீக்கியது, 1979 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் அதை வெளியிட்டுவிட்டது. துரத்தினார்கள் என்று அகதி சொல்கிறார், துரத்தினோம் என்று அதிகாரி சொல்கிறார், அவர் சொன்னதை அரசு மறைக்கப் பார்க்கிறது. இந்த மூன்றையும் சேர்த்து ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். நீக்கப்பட்ட பகுதி என்பதே ஒரு ஆதாரம்தான், அதை மறக்காமல் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு புத்தகத்தில் அகதிகள் ஏழு லட்சம் என்றும் இன்னொன்றில் ஒன்பது லட்சம் என்றும் இருக்கிறது. யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று எழுதலாமா?
– ஒரு கல்லூரி மாணவர், மதுரை

பதில்: எழுதாதீர்கள் தம்பி. இரண்டு பேரும் வேறு வேறு ஆட்களை எண்ணியிருக்கிறார்கள். 1949-ல் ஐ.நா. அனுப்பிய பொருளாதார ஆய்வுக் குழு 7,26,000 என்று மதிப்பிட்டது. 1950 மே மாதம் வேலையைத் தொடங்கிய ஐ.நா. நிவாரண அமைப்பான அன்ராவின் பட்டியலில் ஒன்பது லட்சத்துக்கு மேல் பெயர்கள் இருந்தன. அன்ராவினுடையது ரேஷன் பட்டியல். நம் ஊர் ரேஷன் கார்டை நினைத்துப் பாருங்கள், குழந்தை பிறந்தால் உடனே பெயர் சேர்ப்போம், தாத்தா இறந்தால் பெயரை எடுக்க யாரும் ஓடுவதில்லை. கூடாரத்தில் மாவுக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நிற்கிற குடும்பம் மட்டும் எப்படி ஓடும்? அது ஏமாற்று அல்ல, பசி.

இதற்கு நேரெதிரான ஒன்றும் உண்டு, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அன்ராவின் விளக்கப்படி அகதி என்றால் 1946 ஜூன் 1 முதல் 1948 மே 15 வரை பாலஸ்தீனத்தில் வசித்து, போரில் வீடு, பிழைப்பு இரண்டையும் இழந்தவர். கல்கிலியா போன்ற எல்லையோர ஊர்க்காரர்களுக்கு வீடு இந்தப் பக்கம் நின்றது, வயல் போர்நிறுத்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. வீட்டு வாசலில் நின்றால் தன் தோப்பு தெரியும், ஒரு பழம் பறிக்க முடியாது. இவர்கள் அந்த விளக்கத்துக்குள் வரவில்லை. எனவே எண்ணைப் பார்த்ததும் 'யாரை எண்ணினார்கள், எதற்காக' என்று எழுதுங்கள். இன்று பதிவில் உள்ள சுமார் 59 லட்சம் பேரில் அன்று வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளும் அடக்கம், அதையும் 1948-ன் எண்ணோடு அப்படியே ஒப்பிட முடியாது.

கேள்வி: டெய்ர் யாசின் படுகொலையில் இறந்தவர்கள் 254 என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் இருக்கிறது. பிற்கால ஆய்வு சுமார் 107 என்கிறது. பழைய எண்ணை விட்டுவிடலாமா?
– ஓர் ஆசிரியை, கோவை

பதில்: விடாதீர்கள். 1948 ஏப்ரல் 9 அன்று இர்குன், லெஹி என்ற யூத ஆயுதக் குழுக்கள் ஜெருசலேம் அருகே அந்தக் கிராமத்தைத் தாக்கின. 254 என்ற எண்ணை நிருபர்களிடம் சொன்னதே இர்குன் தளபதிதான், அரபு மக்களைப் பயமுறுத்த அது உதவியது. அரபுத் தரப்போ உலகத்தின் கோபத்தைக் கிளப்ப அதே எண்ணை வானொலியில் பரப்பியது. கொன்றவர்களுக்கும் பறிகொடுத்தவர்களுக்கும் பெரிய எண்ணே தேவைப்பட்டது, அதனால் நெடுங்காலம் அதைப் பெரும்பாலோர் கேள்வி கேட்கவில்லை. 1987-ல் பாலஸ்தீனத்தின் பிர்ஸீத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள்தான், தப்பிப் பிழைத்தவர்களிடம் விசாரித்து சுமார் 107 என்று கணக்கிட்டார்கள். பாதிக்கப்பட்ட மக்களின் சொந்தப் பல்கலைக்கழகமே எண்ணைக் குறைத்துச் சொன்னதை மாணவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள்.

அப்புறம், அந்த ஏப்ரல் மாதம் பக்கத்துக் கிராமங்களில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தவர்களின் காதில் விழுந்தது 107 அல்ல. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் கிளம்பியது 254 என்று கேட்டுத்தான். எனவே இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு 107-ஐயும், மற்ற ஊர் மக்கள் ஏன் ஓடினார்கள் என்ற கேள்விக்கு 254-ஐயும் பயன்படுத்தச் சொல்லுங்கள்.