கேள்வி-பதில்: கைவைத்த திங்க்பேடை விற்பது எப்படி?

கேள்வி: என்னிடம் ஒரு திங்க்பேட் எக்ஸ்230 லேப்டாப் இருக்கிறது. எக்ஸ்220-இன் பழைய ஏழு வரிசைக் கீபோர்டு, 1920×1080 ஐபிஎஸ் திரை, மெஷினைத் தொடக்கும் பயாஸ் நிரலுக்குப் பதில் கோர்பூட் என்ற திறந்த மூல நிரல், பேட்டரியில் புது செல்கள் என்று எல்லாவற்றையும் நானே மாற்றியிருக்கிறேன். இதே கிறுக்கு உள்ள யாருக்காவது விற்க ஆசை. செலவைக் கூட்டிப் பார்த்தால் புது லேப்டாப்பே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. என்ன விலை சொல்வது? எதையெல்லாம் சொல்ல வேண்டும்? எப்படி அனுப்புவது?

பதில்: அந்தக் கூட்டல் கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். நீங்கள் எவ்வளவு செலவழித்தீர்கள் என்பது வாங்குபவருக்குச் சம்பந்தமில்லாத விஷயம். அதுவும் இதே ஆர்வமுள்ளவர்களிடம் விற்கிறீர்கள் என்றால், திரைக்கான கிட் எவ்வளவு, கீபோர்டு எவ்வளவு என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அவர்களில் பலர் இந்த வேலையைத் தாங்களே செய்துகொள்ளக்கூடியவர்களும்கூட.

கை வைக்காத நல்ல எக்ஸ்230 இப்போது என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். அதன்மேல், கழற்றித் தனியாக விற்றாலும் காசாகக்கூடிய பாகங்களுக்குப் பழைய சாமான் விலையைச் சேருங்கள். உழைப்புக்கென்று இன்னும் கொஞ்சம் கேட்கலாம், ஆனால் வேலை சுத்தமாக இருக்கிறது என்று காட்டினால்தான் அது கிடைக்கும். மதர்போர்டில் சால்டரிங் அயர்ன் வைக்கத் தயங்குகிறவர்தான் உங்களுடைய வாடிக்கையாளர், அந்தத் தயக்கத்துக்குத்தான் அவர் கூடுதலாகத் தருகிறார். மேல்மூடிக்குப் பெயின்ட் அடித்திருந்தாலோ பெயர் பொறித்திருந்தாலோ அதற்குச் சல்லிக்காசு எதிர்பார்க்காதீர்கள், குறையத்தான் செய்யும். கழற்றிய ஒரிஜினல் கீபோர்டும் திரையும் இன்னும் பத்திரமாக இருந்தால் அவற்றையும் சேர்த்துத் தருவதாகச் சொல்லுங்கள். பழைய நிலைக்குத் திருப்ப முடியும் என்ற ஒரு விஷயத்துக்காகவே இரண்டு பேரில் உங்களைத் தேர்ந்தெடுப்பார்கள்.

அடுத்து, எதைச் சொல்வது என்பது. என் கருத்தில் இங்கேதான் விற்பனை ஜெயிக்கும் அல்லது கெடும். "ஃபுல் மாடிஃபைடு, சூப்பர் கண்டிஷன்" என்று எழுதினால் விஷயம் தெரிந்தவர் அடுத்த வரிக்கே போக மாட்டார். ஒவ்வொரு மாற்றமும் எதைக் கொடுத்தது, எதைப் பறித்தது என்று எழுதுங்கள்.

கீபோர்டை எடுத்துக்கொள்வோம். 2011-இல் வந்த எக்ஸ்220-தான் எக்ஸ் வரிசையில் ஏழு வரிசைக் கீபோர்டோடு வந்த கடைசி மாடல், அடுத்த வருடமே எக்ஸ்230 தட்டையான, இடைவெளி விட்ட விசைகளுக்கு மாறிவிட்டது. பழையதை இதில் பொருத்தினால் மட்டும் போதாது, உள்ளே கீபோர்டைக் கவனிக்கும் சிறு சிப்பான எம்பெடெட் கன்ட்ரோலரின் ஃபர்ம்வேரையும் (அதற்குள் ஓடும் நிரலையும்) திருத்த வேண்டும், இல்லையென்றால் சில விசைகள் வேறு எதையோ செய்யும். விசை விளக்குக்காக எக்ஸ்230-இன் கனெக்டரில் இருக்கும் பின்களை டேப் போட்டு மூடவும் வேண்டும், மூடாமல் விட்டால் ஷார்ட் ஆக வாய்ப்புண்டு. வாங்குகிறவர் கேட்கப்போகும் முதல் கேள்வி அந்த டேப்தான். கீபோர்டைத் தூக்கி, டேப் தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். விளிம்பை அராவியிருந்தால் அதையும் கிட்டத்தில் காட்டுங்கள், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. கோணலை முன்கூட்டியே பார்த்தவர் பிறகு சண்டைக்கு வர மாட்டார்.

திரை விஷயத்தில் பலர் வாயே திறப்பதில்லை. எக்ஸ்230-இன் சொந்தத் திரை 1366×768, அது எல்விடிஎஸ் என்ற பழைய வகை இணைப்பில் ஓடுவது. 1080 திரைக்காக மதர்போர்டில் சால்டர் வைத்துச் சேர்க்கும் சிறு போர்டு, டாக்குக்கு (மெஷினை மேசையில் செருகி வைக்கும் இணைப்புத் தட்டுக்கு) போகும் டிஸ்ப்ளேபோர்ட் பாதையிலிருந்து படத்தை எடுக்கிறது. டாக் வைத்து வெளித்திரை ஓட்டுகிறவருக்கு அதனால் ஓர் இணைப்பு போகும். அவரிடம் சொல்லாமல் விற்றால் அது ஏமாற்று வேலைதான், வேறு பெயர் கிடையாது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் வேலை செய்கின்றனவா, மூடியைச் சாத்தி எழுப்பினால் படம் வருகிறதா, இல்லாத திரை ஒன்று இருப்பதாகச் சிஸ்டம் காட்டுகிறதா, இந்த மூன்றையும் ஒரே வீடியோவில் வெட்டாமல் எடுத்துவிடுங்கள். போர்டில் சால்டர் வைத்த இடத்தின் படமும் வேண்டும். முடிச்சு முடிச்சாக இருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

கோர்பூட் பற்றி இரண்டு விஷயம். எக்ஸ்230-இல் பயாஸ் இரண்டு சிப்களில் இருக்கிறது, ஒன்று 8 எம்பி, இன்னொன்று 4 எம்பி. கோர்பூட் ஏற்றும் முன் இரண்டையும் படித்து வைத்த கோப்புகள் உங்களிடம் இருக்கும், இருக்க வேண்டும். அவற்றைப் பென்டிரைவில் போட்டுக் கூடவே கொடுங்கள். நெட்வொர்க் போர்ட்டின் மேக் முகவரி (அதற்கே உரிய அடையாள எண்) உள்ள பகுதியும் அதற்குள்தான் இருக்கிறது, வேறு யாரோ பகிர்ந்த கோப்பை அப்படியே ஏற்றியிருந்தால் அவர் முகவரிதான் உங்கள் மெஷினிலும் ஓடிக்கொண்டிருக்கும், ஒருமுறை சரிபாருங்கள். இரண்டாவது, கோர்பூட் ஜிபிஎல் 2 என்ற திறந்த மூல உரிமத்தில் வருவது. பைனரியை, அதாவது தொகுத்து முடித்த நிரலை, கைமாற்றும்போது மூலநிரலும் கிடைக்கும்படி செய்ய வேண்டும் என்பது அந்த உரிமத்தின் நிபந்தனை. எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தீர்கள், என்ன கான்ஃபிக் கோப்பு போட்டீர்கள் என்பதையும் சேர்த்துக் கொடுத்தால் வாங்கியவர் தானே மறுபடி தொகுத்துக்கொள்ளலாம், அவருக்கு அதுதான் உண்மையான உபயோகம். வைஃபை கார்டை மாற்றியிருந்தால் ஒரு எச்சரிக்கையும் எழுதுங்கள்: அவர் ஒரிஜினல் பயாஸுக்குத் திரும்பினால், அனுமதிப் பட்டியலில் இல்லாத கார்டு என்று 1802 பிழை காட்டி மெஷின் அங்கேயே நின்றுவிடும்.

பேட்டரிதான் எனக்குக் கவலை. செல் மாற்றிய பேக்கில் செல்கள் புதிது, கணக்கு வைக்கும் சிப் பழையது. சிப்பை ரீசெட் செய்யாவிட்டால் சார்ஜ் சுற்றுகளின் எண்ணிக்கையும் கொள்ளளவும் பழைய கதையையே சொல்லும். ரீசெட் செய்திருந்தால் "0 சுற்று" என்று காட்டும், அதையும் ஒரிஜினல் என்று யாரும் நம்ப வேண்டியதில்லை. எந்த நிறுவனத்தின் செல், எத்தனை, ஸ்பாட் வெல்டிங்கா நேரடி சால்டரிங்கா என்று எழுதுங்கள். நேரடியாகச் சால்டர் வைத்தது என்றால், மன்னிக்கவும், அந்தப் பேக்கை விற்காதீர்கள். அந்தச் சூடு செல்லுக்கு ஆகாது.

அனுப்புவதிலும் அதே பேட்டரிதான் தொல்லை. 2016 ஏப்ரலிலிருந்து தனியாகப் பேக் செய்த லித்தியம்-அயன் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற அனுமதி இல்லை. கருவிக்குள் மாட்டியிருந்தால் விதி தளர்வு, 100 வாட்-அவர் வரை இன்னும் எளிது. ஆனால் எப்படியிருந்தாலும் அந்த வகை பேட்டரி ஐநா 38.3 என்ற சோதனையில் தேறியிருக்க வேண்டும். மேசையில் வைத்து செல் மாற்றிய பேக் அந்தச் சோதனையின் பக்கமே போனதில்லை. அதனால் நேரில் கைமாற்றுங்கள், முடியாவிட்டால் பேட்டரி இல்லாமல் மெஷினை மட்டும் அனுப்பி, பேட்டரிக்கான தொகையைக் கழித்துவிடுங்கள். இதைக் கேட்டு எந்த ஆர்வலரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

பேக் செய்யும்போது, கீபோர்டின் நடுவே சுட்டியை நகர்த்தும் குமிழான டிராக்பாயின்ட்டின் சிவப்புத் தொப்பியைக் கழற்றிச் சிறு பையில் போடுங்கள். அதை விட்டு மூடி, பெட்டி மேல் பாரம் ஏறினால் திரையின் நடுவே வெளிறிய புள்ளி விழும். கீபோர்டுக்கும் திரைக்கும் நடுவே மெல்லிய ஃபோம் தாள் ஒன்று மட்டும் போதும், கெட்டியான அட்டையை வைத்தால் அதுவே அழுத்தும். எஸ்எஸ்டியைக் கழற்றிக்கொள்ளுங்கள், சேர்த்துத்தான் விற்கிறீர்கள் என்றால் செக்யூர் எரேஸ் கட்டளை கொடுத்து அழியுங்கள், வெறும் ஃபார்மேட் போதாது. மதர்போர்டின் சீரியல் எண், ராம் ஸ்டிக்குகளின் லேபிள், ஸ்க்ரூக்களின் நிலை எல்லாவற்றையும் மூடுவதற்கு முன் படமெடுங்கள். நல்ல பாகத்தைக் கழற்றிவிட்டுப் பழுதானதைப் போட்டுத் திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: ஒருவர் டி60 என்ற பழைய திங்க்பேடின் உடம்புக்குள் அடுத்த மாடலான டி61-இன் மதர்போர்டைப் போட்டு, 1600×1200 திரையோடு விற்கிறார். என்விடியா கிராஃபிக்ஸ் சிப்பை ரீபால் செய்தாகிவிட்டது (அதன் அடியிலுள்ள சால்டர் உருண்டைகளை மாற்றியாகிவிட்டது), இனி கவலையில்லை என்கிறார். நம்பலாமா?

பதில்: ஃபிராங்கன்பேட் என்று ஆர்வலர்கள் சொல்வது இதைத்தான். நான்குக்கு மூன்று திரையும் கொஞ்சம் வேகமான உள்ளுறுப்பும் சேர்ந்து வருவதால் பலருக்கு ஆசை. எனக்கும் உண்டு. ஆனால் ரீபால் விஷயத்தில் அவர் சொல்வது சரியில்லை. அந்தக் காலத்து என்விடியா சிப்களில் வந்த கோளாறு மதர்போர்டுக்கும் சிப்புக்கும் நடுவே உள்ள உருண்டைகளில் இல்லை, சிப்பின் உள்ளே, சிலிக்கான் துண்டுக்கும் அதன் அடித்தட்டுக்கும் நடுவே இருக்கும் நுண்ணிய இணைப்புகளில். சூடாகி ஆறி, சூடாகி ஆறி அவை விட்டுப்போகும். 2008 ஜூலையில் என்விடியாவே இதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. வெளியே உருண்டை மாற்றும்போது படும் சூட்டில் உள்ளிருப்பது தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும், அதைப் பார்த்துத்தான் "சரியாகிவிட்டது" என்கிறார்கள். கோளாறு திருத்தப்பட்ட பிந்தைய சிப்பையே மாற்றிப் போட்டிருந்தால் அது வேறு கதை. சிப்பின் மேலே அச்சிட்டிருக்கும் எண்ணையும் தேதிக் குறியீட்டையும் படமெடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் இன்டெல் கிராஃபிக்ஸ் மட்டும் உள்ள டி61 போர்டு போட்டது கிடைக்கிறதா என்று தேடுங்கள், விளையாட்டு ஓடாது, மற்றபடி நிம்மதி.

அப்புறம், பயாஸுக்குள் நுழைந்து சூப்பர்வைசர் பாஸ்வேர்டு இருக்கிறதா என்று உங்கள் கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள். மதர்போர்டில் உள்ள சின்ன காயின் பேட்டரியைக் கழற்றினால் பாஸ்வேர்டு போய்விடும் என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள், போகாது. இந்த மாடல்களில் அது தனி நினைவகச் சிப்பில் உட்கார்ந்திருக்கிறது.

கேள்வி: "உள்ளது உள்ளபடி, திருப்பி எடுக்க மாட்டேன்" என்று எழுதி விற்றேன். மூன்று வாரம் கழித்து ஃபேன் சத்தம் போடுகிறது, பணத்தைத் திருப்பித் தா என்கிறார். தர வேண்டுமா?

பதில்: விற்கும்போது சத்தம் இருந்ததா? அது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தே மறைத்திருந்தால் அந்த வாசகம் பெரும்பாலான இடங்களில் உங்களைக் காப்பாற்றாது, திருப்பிக் கொடுப்பதுதான் மரியாதை. இல்லை, பழைய மெஷினில் பிறகு வந்த தேய்மானம் என்றால், தனி ஆள் தனி ஆளுக்கு விற்றதில் நீங்கள் தர வேண்டிய கட்டாயம் பொதுவாகக் குறைவு. ஆனால் வாங்கி, மாற்றி, விற்று என்று இதையே தொடர்ந்து செய்கிறவராக இருந்தால் பல நாடுகளில் உங்களை வியாபாரியாகவே கணக்கில் எடுப்பார்கள், அப்போது பொறுப்பும் கூடும். உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள்.

அதற்கு முன் அவரிடம் ஒன்று கேளுங்கள்: சத்தம் எப்போதுமா, சூடாகும்போது மட்டுமா? மெஷினைச் சாய்த்தால் சத்தம் மாறினால் பெரும்பாலும் பேரிங் தேய்ந்திருக்கிறது, ஃபேனோடு ஹீட்சிங்க் சேர்ந்த ஒரு துண்டை மாற்றினால் முடிந்தது. அந்தப் பாகத்தின் விலையில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலானோர் அதற்கு ஒத்துக்கொள்வார்கள்.