செட்டிநாட்டு வீட்டில் கிடைத்த சோவியத் காலத் தமிழ் நூல்களை மின்னாக்குவது எப்படி?

காரைக்குடி வீட்டு மரப்பெட்டியில் கிடைத்த, மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் வெளியிட்ட தமிழ் நூல்களை எவ்வாறு மின்னாக்கி இணையத்தில் காப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் தூசியை மென்மையான தூரிகையால் துடைத்து, பூச்சி அரித்த பிரதிகளைத் தனியே வையுங்கள். முதுகுத் தையலைப் பிரிக்க வேண்டாம். நூலைப் பாதியளவே விரித்து மேலிருந்து படமெடுத்தால் போதும். அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்குக் குறையாத வண்ணப் படங்களாக, மூலத்தைத் தரம் குறையாத டிஃப் (TIFF) பட வடிவிலும் வாசிப்புக்கு உரியதைப் பிடிஎஃப் வடிவிலும் சேமியுங்கள்.

படத்திலுள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றும் எழுத்துணரியில்தான் (OCR) உழைப்பு மிகுதி. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய நூல்களில் ணை, லை, றா போன்றவை பழைய வடிவில் இருப்பதால், டெசராக்ட் போன்ற மென்பொருள் அவற்றைத் தவறாகப் படிக்கக்கூடும். ஆகவே பிழை திருத்தம் கண்ணால்தான் நடக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் இதற்கு மிகவும் உதவுவார்கள், அந்த எழுத்திலேயே படித்து வளர்ந்தவர்கள் அல்லவா!

சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்ததாலேயே இந்நூல்களின் பதிப்புரிமை தீர்ந்துவிடாது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனி. அதைச் சரிபார்த்த பின்பே இணைய ஆவணக்காப்பகத்தில் (Internet Archive) ஏற்றுங்கள். மூலப் பிரதிகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்களே இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன.