நொதியின் படிக அமைப்பைப் பார்த்து எலும்புப்புரைக்கு மருந்து வடிவமைப்பது எப்படி?

எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்தான் எலும்புப்புரை. எலும்பை அரிக்கும் நொதியின் படிக அமைப்பு, அதாவது அதன் அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற முப்பரிமாணப் படம், கையில் இருந்தால், அதை அடக்கும் மருந்தை எப்படி உருவாக்குகிறார்கள் என்பதுதானே கேள்வி? கேதெப்சின் கே என்ற நொதியை எடுத்துக்கொண்டால் விஷயம் எளிதில் புரியும்.

ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் பழைய எலும்பைக் கரைக்கும்போது இதைச் சுரக்கின்றன. எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தை வெட்டுவதில் முக்கியப் பங்கு இதற்குத்தான். 1997-இல் எக்ஸ் கதிர் படிகவியல் மூலம் இதன் முப்பரிமாண அமைப்பு வெளியானது. தடுப்பான் மூலக்கூறு ஒட்டிய நிலையிலேயே நொதியைப் படிகமாக்கினால், எந்த அணு எதைத் தொடுகிறது, எங்கே இடம் காலியாகக் கிடக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

வெட்டும் வேலையைச் செய்வது நொதியின் அமினோ அமிலச் சங்கிலியில் 25-ஆம் இடத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தக அணு. அதைப் பிடிக்க மருந்தில் ஒரு நைட்ரைல் தொகுதியை (கார்பனும் நைட்ரஜனும் இணைந்த அணுக்கூட்டம்) வைத்தார்கள். பிணைப்பு உண்டாகும், ஆனால் மீளக்கூடியது. பக்கத்திலேயே எஸ்2 என்ற குழி. லியூசின் என்ற அமினோ அமிலத்தில் இருப்பது மாதிரியான பக்கச்சங்கிலி அதில் கச்சிதமாக உட்காரும். உறவுக்கார நொதிகளான கேதெப்சின் எல், எஸ் ஆகியவற்றில் குழியின் வடிவம் வேறு. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மருந்தை கேதெப்சின் கே-வுக்கு மட்டும் பொருந்தும்படி செதுக்குகிறார்கள். என்னைக் கேட்டால், வலுவாக ஒட்டவைப்பதைவிட இதுதான் கடினமான வேலை.

சரி, படிகம் எல்லாவற்றையும் சொல்லிவிடுமா? சொல்லாது. கேதெப்சின் கே-வைத் தடுக்க உருவாக்கிய பலிகாடிப் என்ற மூலக்கூறு காரத்தன்மை கொண்டது என்பதால், செல்லுக்குள் இருக்கும் லைசோசோம் என்ற அமிலப் பைக்குள் குவிந்து, மற்ற கேதெப்சின்களையும் தடுத்தது. அந்தக் காரத்தன்மை இல்லாமல் மெர்க் மருந்து நிறுவனம் உருவாக்கிய ஒடானகாடிப் எலும்பு முறிவை நன்றாகவே குறைத்தது. ஆனாலும் பக்கவாத ஆபத்து கூடியதால் 2016-இல் அதைக் கைவிட்டார்கள்.